பன்னிரண்டுக்குப் பதினெட்டு

கொடி என்றால் தமிழ்நாட்டில் ஒருவருக்குத் தெருமுனைக் கட்சிக் கம்பம் நினைவுக்கு வரும், இன்னொருவருக்குக் கோயில் கொடியேற்றம். அடுப்படியிலிருந்து கேட்டால் அது துணி காயப்போடும் கயிறு. மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாதம் தங்க அமெரிக்கா போகிறவர்கள், இவை எதிலும் சேராத ஒன்றைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறார்கள். வாசல் புல்தரையில், பூச்செடிகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி. மேலே வளைந்து பக்கவாட்டில் நீளும் அதன் கையில் ஒரு சின்னத் துணி தொங்குகிறது. பிப்ரவரியில் அதில் சிவப்பு இதயம். மார்ச் நடுவில் பச்சை இலை. ஜூலையில் நட்சத்திரமும் கோடுகளும், அக்டோபரில் பூசணிக்காய், டிசம்பரில் பனிமனிதன். காலை நடைக்குக் கிளம்பும் தாத்தாக்கள் காலண்டரைப் பார்க்காமலே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

இதற்குப் பெயர் கார்டன் ஃபிளாக், தோட்டக் கொடி. அகலம் 12 அங்குலம், நீளம் 18. அரை அங்குலம் கூடலாம், குறையலாம். கடையில் விற்கும் கம்பிகள் எல்லாம் இந்த அளவுக்கே செய்யப்படுவதால் கொடியும் இந்த அளவைத் தாண்டுவதில்லை. இதற்கு ஓர் அண்ணன் உண்டு: 28க்கு 40 அங்குலம், வாசல் தூணில் சாய்வாகச் செருகிய கம்பில் பறப்பது. முதலில் வந்தவர் அண்ணன்தான். 1970களில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தில், தேசக் கொடியும் அல்லாத, கல்லூரிக் கொடியும் அல்லாத, வெறும் அழகுக்கான கொடியை வீட்டு வாசலில் மாட்டும் பழக்கம் பரவியது. அப்போது அவை நைலான் துணியில் உருவங்களை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தவை. ஒவ்வொன்றும் தையல்காரரின் கைவேலை, அதற்கேற்ற விலை.

இன்று கடையில் தொங்கும் கொடிகளில் தையல் வேலை என்று பார்த்தால் ஓரம் மடித்து அடித்ததோடு சரி. படத்தை முதலில் காகிதத்தில் அச்சடிக்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் பாலியஸ்டர் துணிமேல் வைத்துச் சூடேற்றி அழுத்தினால், சாயம் ஆவியாகி நூலிழைக்குள் புகுந்துவிடும். பருத்தியில் இந்த வித்தை பலிக்காது. பாலியஸ்டரில் படியும், மலிவாகவும் முடியும். பத்து டாலர் முன்பின் கொடுத்தால் ஒரு கொடி கையில். ஒரே பூசணிக்காய் ஒரே கோணத்தில் ஒரே சிரிப்போடு நாலு வீட்டு வாசலில் தொங்குவதும் இதனால்தான்.

அந்த வரிசையில் பொங்கல் பானை இருக்காது. 2017இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி 14ஐப் பொங்கல் நாளாக ஏற்றது. தீர்மானம் வந்த அளவுக்குக் கடை அலமாரியில் கரும்பு வரவில்லை. பானையும் கரும்பும் போட்ட கொடி வாசலில் வேண்டுமென்றால் வீட்டிலேயே தைத்துக்கொள்வதுதான் நேர்வழி. செலவு என்று பார்த்தால் இரண்டு காபிக்கு ஆகும் காசுகூட ஆகாது. நேரம் ஒரு சனிக்கிழமை மதியம்.

துணிக்கு அமெரிக்கத் துணிக்கடைகளில் ஒரு வசதி இருக்கிறது. ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்காக விற்கும் பருத்தித் துணி சுமார் 44 அங்குல அகலம். அதில் கால் கெஜம் கேட்டால் 9 அங்குல அகலத்தில் நாடா மாதிரி நீளமாக வெட்டித் தருவார்கள், கொடிக்கு உதவாது. அதே கால் கெஜத்தை, அரை கெஜம் வெட்டி நடுவில் இரண்டாகப் பிளந்தால், 18க்கு 22 அங்குலத்தில் கட்டையும் குட்டையுமாக ஒரு துண்டு கிடைக்கும். இதை 'ஃபேட் குவார்ட்டர்' என்பார்கள். தோட்டக் கொடிக்காகவே யாரோ வெட்டிவைத்தது போன்ற அளவு. இந்தத் துணிகளுக்குப் பேர்போன ஜோஆன் கடைகள், 1943இல் ஒஹையோவில் தொடங்கி நாடெங்கும் கிளைவிட்டு வளர்ந்தவை, 2025இல் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. தைக்கிறவர்கள் அன்றைக்கு வருந்திய வருத்தம் கொஞ்சமல்ல. ஊர்ப்பக்கத்துச் சின்னக் கடைகளிலும் பொதுப் பேரங்காடிகளிலும் இப்போதும் இந்தத் துண்டு கிடைக்கிறது.

இனி கணக்கு. முடிந்த கொடி 12க்கு 18 வர வேண்டும். இரண்டு பக்கமும் கால் அங்குலம் ஒரு மடிப்பு, அதன்மேல் அரை அங்குலம் இன்னொரு மடிப்பு. ஆக அகலத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதல். கீழே முக்கால் அங்குலம். மேலே கம்பி நுழையும் பட்டிக்கு இரண்டு அங்குலம். கொஞ்சம் தாராளமாக வைத்தால் 13½க்கு 21 அங்குலம் வெட்ட வேண்டும். ஃபேட் குவார்ட்டரில் இதை எடுத்தபின் நாலரை அங்குலத்தில் நீளமாக ஒரு துண்டு மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, இன்னொரு கொடிக்கு அதிலிருந்து ஒரு கரும்பு கிடைக்கும்.

மேல்பட்டியை விளக்கத் தமிழ் வீடுகளில் ஒரு வரி போதும்: உள்பாவாடைக்கு நாடா கோக்கிற பட்டி. அதேதான். நாடாவுக்குப் பதில் இரும்புக் கம்பி போகிறது. கம்பி விரலைவிட மெலிந்தது என்று பட்டியை அரை அங்குலத்துக்குச் சுருக்குகிறவர்கள் பிறகு வருந்துவார்கள். கம்பிமேல் பூசிய கறுப்பு வண்ணம் கரகரப்பாக இருக்கும், துணி வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் தையல் விடும். ஒன்றரை அங்குலம் இருந்தால் கேள்வியே இல்லை. இன்னொன்று, பக்கத்து ஓரங்களை மடித்து அடித்துவிட்டுத்தான் பட்டியை அடிக்க வேண்டும். முறை மாறினால் பட்டியின் வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிரிப்பதற்கு ஊசியோடு உட்கார வேண்டும்.

வேலையின் சுவையான பகுதி உருவம் ஒட்டுவது. அதற்கென்று ஒருபக்கம் காகிதமும் மறுபக்கம் பசையுமாக ஒரு தாள் விற்கிறது. சட்டைக் காலரில் நம் தையல்காரர்கள் சூடு வைத்து ஒட்டும் கேன்வாசுக்கு அது தூரத்துச் சொந்தம். காகிதப் பக்கம் பானையை வரைய வேண்டும். அந்தத் தாளைச் செங்கல் நிறத் துணியின் பின்பக்கத்தில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். ஆறியதும் கோட்டின்மேல் கத்தரி. காகிதத்தை உரித்தால் துணியின் முதுகில் பசை பளபளக்கும். அதைக் கொடித் துணியில் வைத்து மறுபடி ஒரு சூடு. பானை உட்கார்ந்துவிடும்.

பானைக்கு இடமும் வலமும் ஒன்று. எழுத்துக்கு அப்படியில்லை. தாளைத் துணியின் பின்பக்கத்தில் ஒட்டுவதால் வரைந்தது திருப்பிப் போட்ட மாதிரி வந்து நிற்கும். 'பொங்கல்' என்று நேராக எழுதி, ஆசையாக வெட்டி, காகிதத்தை உரித்து வைத்துப் பார்த்தால் 'ப' மட்டும் பிழைத்திருக்கும். அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். கொம்பு வலப்பக்கம் பார்க்க வேண்டியது இடப்பக்கம் பார்க்கும், 'க' முதுகைக் காட்டும். இந்தப் பாடத்தை முதல் கொடியில் படிக்காதவர் குறைவு. எழுதிய தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பின்பக்கமாகத் தெரிவதைப் படி எடுத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. ங்-க்கும் ல்-லுக்கும் மேலே வைக்கும் புள்ளிகளைத் துணியில் வட்டமாக வெட்டப் போராடுவது வீண் வேலை. இரண்டு பிளாஸ்டிக் சட்டைப் பித்தான்களைத் தைத்துவிட்டால் அழகாகவே இருக்கும், மழைக்குத் துருவும் ஏறாது.

இந்தப் பசைத் தாளில் இரண்டு வகை உண்டு. ஒன்று லேசான பசை, ஒட்டியபின் சுற்றித் தைப்பதற்கானது. மற்றது கெட்டிப் பசை, தைக்கத் தேவையில்லை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். தேவையில்லை என்பதைத் தைக்கக் கூடாது என்றே படிக்க வேண்டும். கெட்டிப் பசையில் மெஷினை ஓட்டினால் ஊசியில் பிசின் ஏறி, நூல் நாலு அங்குலத்துக்கு ஒருதரம் அறுந்து, வீட்டில் எல்லோர்மேலும் எரிச்சல் வரும். வெளியில் தொங்கும் கொடிக்கு லேசான பசையும் அதைச் சுற்றி நெருக்கமான ஜிக்-ஜாக் தையலும்தான் சரி. பசையை மட்டும் நம்பி விட்டால் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துக் கோடை முடிவதற்குள் உருவத்தின் விளிம்பு அப்பளம்போலத் தூக்கிக்கொள்ளும்.

துணிமேல் துணி வைத்துத் தைக்கும் இந்த வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் தேருக்கும் கோயில் மண்டபத்துக்கும் தொங்கவிடும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். வளையங்களை உள்ளே வைத்து உருளையாகத் தைத்த துணி, அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளையில் வெட்டி ஒட்டிய யாளி, கிளி, தாமரை. எட்ட நின்று பார்ப்பவருக்கும் கிளி கிளியாகத் தெரிய வேண்டும் என்பதால் அந்தக் கைவினைஞர்கள் நுணுக்கக் கோடுகளை நம்புவதில்லை. பெரிய உருவம், அடர்ந்த நிறம், விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு கரை. தோட்டக் கொடிக்கும் அந்த இலக்கணமே பொருந்தும். தெருவில் போகிறவர் இருபது அடி தள்ளி, நடந்துகொண்டோ காரிலோ பார்க்கிறார். பானையில் கோலம் வரைந்து, கோலத்துக்குள் மயில் வரைந்தால் அது வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும்.

நூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். துணி பருத்தியாக இருக்கலாம், நூல் பாலியஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்திலும் வெயிலிலும் இற்றுப்போகும். துணி நன்றாக இருக்கும்போதே ஓரம் பிரிந்து தொங்கும். நைலான் நூல் உரசலைத் தாங்கும், ஆனால் வெயிலில் வலுவிழக்கும்.

கொடி கிழியும் இடம் என்றும் ஒன்றுதான்: கட்டப்படாத விளிம்பு. கம்பத்தில் பறக்கும் பெரிய கொடியில் கம்பத்துக்கு எதிர்ப்புறம் சாட்டைபோல அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கொடி தைக்கும் நிறுவனங்கள் அந்தப் பக்கம் மட்டும் மூன்று நான்கு வரிசைத் தையல் போடுகின்றன. தோட்டக் கொடி மேலே மாட்டப்பட்டிருப்பதால் அடி வாங்குவது கீழ் விளிம்பும், குறிப்பாக அதன் இரு மூலைகளும். அங்கே முன்னும் பின்னுமாக நாலு தையல் கூடுதலாகப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. பிசிறு தொடங்குவது மூலையில்தான்.

இரண்டு பக்கத் தொல்லை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒற்றைத் துணிக் கொடியில் வெயில் பின்னாலிருந்து அடித்தால் எழுத்து மறுபக்கம் இடவலம் மாறித் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது 'பொங்கல்' கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு ஃபேட் குவார்ட்டர்களை முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் ஜன்னல் திரைக்குப் போடும் வெளிச்சம் புகாத லைனிங் ஒன்றை வைத்துத் தைத்தால் இரண்டு முகமும் தனித்தனி. துணிச் செலவு இரட்டிப்பாகும், கனமும் கூடும். எழுத்தே வேண்டாம், வெறும் உருவம் போதும் என்று முடிவு செய்கிறவர்கள் புத்திசாலிகள். கரும்புக்கு இடவலமும் கிடையாது, மொழியும் கிடையாது.

தையல் மெஷின் இல்லாத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் துணி விரிப்புகள் டாலர் கடைகளில் கிடைக்கின்றன. பெயர்தான் டாலர் கடை. அவற்றில் பெரிய ஒன்றான டாலர் ட்ரீ, 2021 கடைசியில் விலையை ஒன்றே கால் டாலராக்கியது. விரிப்பு ஏற்கெனவே நாலு பக்கமும் மடித்துத் தைத்தது, நீளமும் அகலமும் கிட்டத்தட்டக் கொடியளவு. மேல்பக்கம் ஒன்றரை அங்குலம் மடித்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் கொடி தயார். பாத்திரம் துடைக்கும் புதுத் துண்டு, பழைய தலையணை உறை எல்லாமே இதற்கு ஆகும். தலையணை உறையின் திறந்த பக்கத்தில் அகலமாக மடித்துத் தைத்த ஓரம் இருக்கும். அதையே கம்பிப் பட்டியாக வைத்து வெட்டினால் ஒரு தையல் மிச்சம்.

வண்ணம் தீட்டத் தெரிந்தவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள், வன்பொருள் கடைக்கு. சுவருக்குச் சாயம் அடிக்கும்போது தரையில் விரிக்கும் பருத்திக் கேன்வாஸ் அங்கே விற்கிறது. 4க்கு 5 அடி விரிப்பில் கணக்காக வெட்டினால் எட்டுக் கொடிகள் எடுக்கலாம். முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட வேண்டும். இந்தத் துணி நன்றாகச் சுருங்கும், தைத்தபின் முதல் மழையில் சுருங்கினால் கொடி கோணிக்கொள்ளும். தைக்க 16 நம்பர் ஊசி வேண்டும், மெல்லிய ஊசி மடிப்பு சேரும் இடத்தில் முறியும். உருவத்துக்கு அச்சு வெட்ட, இறைச்சியைச் சுற்றி உறைபெட்டியில் வைக்கும் ஃப்ரீசர் பேப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒருபக்கம் பளபளவென்று மேல்பூச்சு இருக்கும். உருவத்தை அதில் வெட்டியெடுத்து, பூச்சுப் பக்கம் கீழே வைத்து இஸ்திரி போட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டிய இடைவெளியில் வண்ணத்தை ஒற்றி எடுக்க வேண்டும், இழுத்துப் பூசினால் விளிம்புக்கடியில் கசியும். காய்ந்ததும் காகிதம் தடம் விடாமல் உரிந்து வரும்.

எதில் செய்தாலும் வெயில் நிறத்தைத் தின்னும். சாயம் தோய்த்த துணி கத்திரிக்காய் மாதிரி, நிறமெல்லாம் மேல்தோலில். நூல் இழுக்கும் முன்பே கரைசலில் நிறம் கலந்து செய்யும் அக்ரிலிக் துணி பீட்ரூட் மாதிரி, எங்கே வெட்டினாலும் அதே நிறம். வட கரோலினாவின் க்ளென் ரேவன் நிறுவனம் 1960களிலிருந்து கடைத் தாழ்வாரங்களுக்காகச் செய்துவரும் சன்பிரெல்லா இந்த வகை. கெஜ விலை கேட்டால் ஆசை அடங்கிவிடும், ஆனால் மெத்தை உறை தைக்கும் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் கொடியளவுக்குப் போதும். ஒரு வாரமே தொங்கப்போகும் பொங்கல் கொடிக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. கோடை முழுக்க நிற்கப்போகும் சூரியகாந்திக் கொடிக்குத் தேடிப் பார்க்கலாம்.

ஜனவரிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வடக்கு மாநிலங்களில் அப்போது மண் கல்லாக உறைந்துவிடும், கம்பி இறங்காது. நவம்பரிலேயே கம்பியை ஊன்றிவிடுகிறவர்கள் உண்டு. மறந்தவர்கள் பெரிய பூந்தொட்டியில் மணலும் கூழாங்கல்லும் நிரப்பி அதில் நிறுத்துகிறார்கள். காற்றில் துணி கம்பியின் கையிலிருந்து நழுவி, பக்கத்து வீட்டு வேலியில் கிடக்காமல் இருக்க முனையில் ஒரு சின்ன ரப்பர் அடைப்பானும், கீழ்மூலையில் ஒரு கிளிப்பும் போடுவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இதெல்லாம் போதாது, கழற்றி உள்ளே கொண்டுபோய்விட வேண்டியதுதான்.

கம்பி ஊன்றும் முன் குடியிருப்புச் சங்கத்தின் விதிப் புத்தகத்தையும் புரட்டுவது நல்லது. அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் கதவின் நிறம்வரை சங்கம் சொன்னபடிதான். தேசக் கொடியை வீட்டில் பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் என்று பெயர், கையெழுத்தானது 2006இல். அந்தப் பாதுகாப்பு தேசக் கொடிக்கு மட்டும். பூசணிக்காய்க்கும் பொங்கல் பானைக்கும் அது குடை பிடிக்காது. ஒரு கம்பிக்கு மேல் கூடாது என்று சில இடங்களில் இருக்கும், பண்டிகைக் கொடி இத்தனை நாளைக்குத்தான் என்று சில இடங்களில்.

பொங்கல் முடிந்து கழற்றிய கொடியை மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் ஒட்டுத் துணி சுருங்கும். காகிதக் குழாயில் சுருட்டி வைப்பது மேல். மூன்று நாலு வருடத்தில் அடித்துணி வெளுத்து இற்றுவிடும், பானை மட்டும் தையலின் பலத்தில் திடமாக நிற்கும். அப்போது பானையைச் சுற்றி அரை அங்குலம் விட்டு வெட்டி, புதுத் துண்டில் வைத்து மறுபடி ஒரு ஜிக்-ஜாக். மிச்சத் துணி அடுப்படிக்குப் போகிறது, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக.